ஊரில்லாத ஹாஸ்யம்

தமிழ்த் தொலைக்காட்சியில் வரும் ஹாஸ்யத் தொடர்களை நாம் விருப்பத்தோடு பார்ப்பவரே. ஆயினும் அவற்றின்மீது நமக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. அவற்றில் வீடு உண்டு, மாமியார் உண்டு, மாடியில் குடியிருப்பவர் உண்டு. ஊர் மாத்திரம் இல்லை. வாயிற்கதவைத் திறந்து வெளியே சென்றவர் எத்தெருவழியே நடந்தார், எந்த அலுவலகத்தில் மனுவுடன் காத்துநின்றார் என்பன பெரும்பாலும் நமக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’ போன்ற சிறந்த தொடரும் பெரும்பாலும் கணவன் மனைவியரின் இல்லத்துக்குள்ளேயே நிகழ்ந்ததன்றோ?

ஊரைப் படைக்கும் வன்மை நம்மவர்க்கு இல்லையென்று எவரும் கூறவியலாது. சென்னைப் புரசைவாக்கத்தில் பாட்டியாரிடம் வளர்ந்த ஆர். கே. நாராயணன், 1935-ஆம் ஆண்டில் வெளிவந்த தமது முதல் நாவலிலேயே மால்குடி என்னும் ஊரை நிறுவிவிட்டார். பூகோளப் படத்தில் இல்லாத அவ்வூருக்குச் சரயு நதி உண்டு, மெம்பி மலை உண்டு, நல்லப்பன் தோப்பு உண்டு. நம் போன்றோர் உறவு கொண்டாடத்தக்க ஆல்பர்ட் மிஷன் பள்ளியும் கல்லூரியும் உண்டு. இவையனைத்தினும் முக்கியமாக அதற்கு ஒரு முனிசிபாலிட்டி உண்டு.

‘லாலி ரோடு’ என்ற கதையைப் படித்தோர் இதன் அருமையை அறிவர். சுதந்திரம் வந்த உற்சாகத்தில் நகரசபையார் தெருக்களின் பெயர்களையெல்லாம் மாற்றிவிட, கடிதங்கள் உரியவர் வீட்டை அடையாமல் அலைகின்றன. அத்துடன் அமையாது, சர் பிரெடரிக் லாலி என்பவரின் சிலையையும் கொடுங்கோலன் சிலையென்று அகற்றத் தீர்மானிக்கின்றனர். அகற்றியவர் அதைத் தம் சிறு வீட்டுக்குள் கொணர்ந்து கிடத்த, அதன் ஒரு பாகம் தெருவிலே நீட்டிக்கொண்டு கிடக்கிறது. பிறகன்றோ தெரியவருகிறது, கொடியவன் வேறொரு லாலி என்பதும், சிலைக்குரியவர் ஊருக்கு நன்மை செய்தவர் என்பதும்! இத்தகைய ஹாஸ்யம் ஒரு வீட்டுக் கூடத்தில் பிறக்குமா? தீர்மானம் போட ஒரு சபையும், அதைக் கண்டு நகைக்க ஓர் ஊரும் வேண்டும்.

1986-இல் தூரதர்ஷனில் ‘மால்குடி டேஸ்’ தொடரை சங்கர் நாக் இயக்கியளித்தார். எல். வைத்தியநாதன் இசையமைத்தார், ஆசிரியரின் இளவல் ஆர். கே. லக்ஷ்மண் சித்திரம் தீட்டினார். கன்னட நாட்டு ஆகும்பேயில் எடுக்கப்பட்டு, இந்தியும் ஆங்கிலமும் பேசிய அத்தொடரை நாடு முழுவதும் தன் ஊராகவே எண்ணிற்று. இருபது ஆண்டுகளுக்கு முன்னர், 1965-இல், ‘கைடு’ நாவலைத் திரைப்படமாக்கியோர் மால்குடியை உதயப்பூருக்குக் கொண்டுசென்றனர். அதனால் ஆசிரியர் வருந்தி எழுதியதும் உண்டு. ஆகும்பேயும் மால்குடி அன்றுதான். ஆயின் அங்கே ஊரின் நடையுடை பாவனை காப்பாற்றப்பட்டது, உதயப்பூரில் அது போயிற்று. இதுவே நம் தீர்ப்பு.

அமெரிக்கர் இதை நன்கு அறிந்தவர். 2009 முதல் 2015 வரை ஒளிபரப்பான ‘பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்’ தொடர், இண்டியானா மாகாணத்தில் பானீ என்னும் இல்லாத ஊரொன்றைப் படைத்தது. அதன் நகரமன்றமாகக் காட்டப்படுவதோ கலிபோர்னியாவிலுள்ள பாஸடீனா நகரமன்றம். கைவிடப்பட்ட பள்ளமொன்றைப் பூங்காவாக்கப் பெண் அதிகாரி ஒருவர் முயல்வதில் கதை தொடங்குகிறது. பொதுக்கூட்டத்தில் ஜனங்கள் கூறும் விபரீதமான முறையீடுகளும், பூர்வகுடிகளுக்கு அவ்வூரார் இழைத்த அநீதிகளை வெட்கமின்றிக் காட்டும் சுவர்ச்சித்திரங்களும் நகைப்பை விளைப்பன. அந்நகைப்பினூடே ஊரின் பழைய கணக்கும் வெளிப்பட்டுவிடுகிறது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். அம்பத்தூரைச் சார்ந்த கள்ளிக்குப்பத்தை எடுத்துக்கொள்வோம். கள்ளியும் குப்பமும் சேர்ந்த அப்பெயரே பாதிக் கதை சொல்லும். ஏரிகளுக்கும் தொழிற்பேட்டைக்கும் அணித்தாக வளர்ந்த இப்பகுதிக்கு அம்பத்தூர் நகராட்சி என்ற சொந்த சபை இருந்தது. 2011-இல் ஒன்பது நகராட்சிகள் உள்ளிட்ட 42 உள்ளாட்சிகள் சென்னை மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டபோது அச்சபையும் மறைந்தது. மாநகரின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆயிற்று. வட்டங்கள் 200 ஆயின. இதனால் விளைந்த நன்மைகளை நாம் மறுக்கவில்லை. ஆனால் மனு கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே கடையில் தேநீர் அருந்துகிற இடத்திலேதான் ஊர்க்கதை உண்டு. அவ்விடம் சுருங்கிவருகிறது என்பதே நம் கவலை.

மெய்யான ஊரைக் காட்டினால் எவரேனும் மனம் புண்படுவர் என்பாருக்கு விடை எளிது: பொய்ப்பெயர் சூட்டுக. மால்குடிமீது வழக்கிட எவருமில்லை. தினந்தோறும் ஒளிபரப்பாகும் தொடருக்குத் தெருக்காட்சி செலவு மிக்கதென்ற ஆட்சேபம் அதனினும் வலியது. அதை நாம் ஒப்புக்கொள்கிறோம். தினத்தொடரை விடுத்து, பதின்மூன்று கதைகளோடு நிற்கும் குறுந்தொடராயின் ஆகாதா?

எழுதும் வேட்கையுள்ள மாணவ நண்பர் எவரேனும் இதை மேற்கொள்வாராயின், முதலில் நூலகத்துக்குச் செல்லவேண்டுவதில்லை. பழைய நகராட்சிக் கூட்டங்களில் அமர்ந்திருந்த முதியோர் இன்னும் நம் நடுவே உளர். எத்தீர்மானம் எத்தனை கூட்டங்களில் ஒத்திவைக்கப்பட்டது என்று அவர்களைக் கேட்டு, சொல்வதைச் சொல்லியவாறே குறித்துக்கொண்டு வரட்டும்.