இரு தீவுகளின் சேமிப்புக் கணக்கு



வாப்பா விட்டுச் சென்ற தென்னந்தோப்பில் ஆண்டுதோறும் பத்து மரங்களை வெட்டி விற்று, பாதிப் பணத்தை உண்டு, மீதியை வங்கியில் போடுகிறது ஒரு குடும்பம் என வைத்துக்கொள்வோம். பாஸ் புத்தகத்தில் தொகை ஏறிக்கொண்டே போகும். அக்குடும்பம் சேமிக்கிறது என்பீர்களா? நாடுகளின் கணக்கோ நெடுங்காலம் அவ்வாறுதான் எழுதப்பட்டு வந்தது.

உலக வங்கி 'திருத்திய நிகரச் சேமிப்பு' என்றொரு கணக்கை வகுத்துள்ளது. நாட்டின் மொத்தச் சேமிப்பிலிருந்து கட்டடங்கள், இயந்திரங்களின் தேய்மானத்தைக் கழிப்பர். கல்விச் செலவைக் கூட்டுவர். (பிள்ளைகளின் படிப்பும் முதலீடுதானே!) பின்னர், தோண்டியெடுத்த கனிமம், எண்ணெய், அழிந்த காடு, புகை விளைத்த கேடு ஆகியவற்றின் மதிப்பையும் கழிப்பர். விடை கழித்தல் குறியோடு வருமாயின், அந்நாடு முதலையே தின்று வாழ்கிறது என்பது பொருள்.

இக்கணக்கின் நியாயத்தைப் பசிபிக் பெருங்கடலின் இரு சிறு நாடுகளில் காணலாம். இரண்டுக்கும் வாய்த்த செல்வம் ஒன்றே: உரத்திற்குப் பயன்படும் பாஸ்பேட்.

நவுரு 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரே தீவு. 1968-இல் விடுதலை பெற்றது. 1970-களில் தனிநபர் வருமானத்தில் உலகின் முன்வரிசையில் நின்றது. வருமான வரி என்ற பேச்சே இல்லை. வருங்காலத்திற்கென நிதியும் வைத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பணம் சென்ற வழியைப் பாருங்கள்: மெல்போர்ன் நகரில் 52 மாடிக் கட்டடம், நாட்டின் அளவுக்குப் பொருந்தாத விமான நிறுவனம், 1993-இல் லண்டனில் அரங்கேறித் தோல்வியுற்ற ஓர் இசை நாடகம்! கடன் முற்றி, 2004-இல் கட்டடமும் கைமாறியது. தீவின் ஐந்தில் நான்கு பங்கு இன்று கூரிய சுண்ணப்பாறைக் காடு. விடுதலைக்கு முன் தோண்டிய நிலத்திற்காக ஆஸ்திரேலியா மீது 1989-இல் சர்வதேச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, 1993-இல் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் உடன்பாட்டில் முடிந்தது.

கிரிபாத்தியின் கதை வேறு. (அங்குள்ளோர் 'கிரிபஸ்' என்றே உச்சரிப்பர்.) அங்கு பாஸ்பேட் கிடைத்தது பனாபா என்னும் தீவில். அது பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த 1956-லேயே, பாஸ்பேட் வருவாயில் ஒரு பங்கை ஒதுக்கி நிதியம் ஒன்று தொடங்கப்பட்டது. 1979-இல் விடுதலை கிடைத்தது. அதே ஆண்டில் சுரங்கமும் ஓய்ந்தது. அரசு வருவாயில் ஏறக்குறைய பாதி நின்றுபோயிற்று. ஆயினும் நிதியத்தை விழுங்கிவிடாமல், வெளிநாடுகளில் முதலிட்டு, வேண்டியபோது அளவாக எடுத்தார்கள். இன்றும் அதில் நூறு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் இருக்கிறது. மண்ணிலிருந்து போனது பணமாகவேனும் தங்கிற்று.

ஆகவே கிரிபாத்திக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடலாமா? எனக்கு மனம் வரவில்லை. பனாபா மக்களை 1945-இல் ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஃபிஜி நாட்டின் ரபித் தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர்கள் விட்டுவந்த மண்தான் தொடர்ந்து கப்பலேறியது. நியாயம் கேட்டு லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடினர். 1976-இல் வந்த தீர்ப்பில் அவர்கள் எதிர்பார்த்தது கிட்டவில்லை. நிதியமோ நாடு முழுமைக்கும் உரியது. தோண்டிய கனிமத்தின் விலையைக் கழிக்கத் தெரிந்த கணக்கில், அது யாருடைய மண் என்று எழுத ஒரு கட்டம் இல்லை.

கிரிபாத்தி நாடாளுமன்றத்தில் ரபித் தீவினருக்கென இன்றும் ஓர் இருக்கை இருக்கிறது.