முத்தம்மாவிடம் எழுதி வாங்கியது

போன வாரம் எங்கள் கல்லூரிக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனி வந்திருந்தது. என் தோழி எல்லாக் கேள்விக்கும் நன்றாகத்தான் பதில் சொல்லியிருக்கிறாள். கடைசியாக ஒன்று கேட்டார்களாம்: "கல்யாணம் ஆனா வேலையில இருப்பீங்களா?" அவளுக்கு முன்னால் உள்ளே போய் வந்த என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. நான் ஆண் பிள்ளை, அவ்வளவுதான் காரணம்! தாம்பரத்தில் ரயில் ஏறியதிலிருந்து நுங்கம்பாக்கம் வரை அவள் புலம்பிக்கொண்டே வந்தாள்.

அதே நுங்கம்பாக்கத்தில், காலேஜ் ரோட்டில் இருக்கும் மகளிர் கிறித்துவக் கல்லூரியில் படித்தவர்தான் சி.பி.முத்தம்மா. குடகில் 1924இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அவரிடம், திருமணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்துவிடுவேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் சேர்த்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூன்று பெண்களுக்குத் தாயான விஜயலட்சுமி பண்டிட்டை 1947இலேயே சோவியத் நாட்டுக்குத் தூதராக அனுப்பிய அரசுதான் இது! அவர் 1953இல் ஐ.நா. பொதுச்சபைக்கே தலைவரானார். அரசியலில் இருந்து வந்த பெண் குடும்பத்தோடு தூதராகலாம், பரீட்சை எழுதி வந்த பெண்ணுக்கு மட்டும் கூடாது. இது என்ன நியாயம்?

முத்தம்மா 1970இல் ஹங்கேரிக்குத் தூதரானார். பணியிலிருந்து அந்தப் பதவிக்கு உயர்ந்த முதல் இந்தியப் பெண் அவர்தான். பிறகு கானாவிலும் தூதராக இருந்தார். ஆனாலும் மேல்நிலைப் பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது சும்மா இருக்காமல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு அவசர அவசரமாகப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. அதனால் 1979இல் வழக்கு தள்ளுபடியானது. ஆனால் நீதிபதி கிருஷ்ணய்யர் விடவில்லை. குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்றால் அது ஆணுக்கும் பொருந்தாதா என்று கேட்டார். பெண்களை ஒதுக்கும் பணி விதிகளையெல்லாம் அரசே திருத்த வேண்டும் என்றும் சொன்னார். முத்தம்மா கடைசியாக நெதர்லாந்தில் தூதராக இருந்து ஓய்வு பெற்றார். 2001இல் சோகிலா ஐயர் வெளியுறவுச் செயலாளரே ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்.

விதி போய்விட்டது, கேள்வி மட்டும் போகவில்லை. அன்று கையெழுத்தாக வாங்கினார்கள், இன்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். "கம்பெனிக்கும் கவலை இருக்காதா?" என்கிறான் ஒரு நண்பன். இருக்கட்டும். நானும்தான் கல்யாணம் ஆனதும் ஊர் மாறலாம், வேலையை விடலாம். அப்படியானால் என்னையும் கேட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேரையுமே கேட்கக்கூடாது.

அடுத்த கம்பெனி வருவதற்குள் இதை வேலைவாய்ப்புப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியரிடம் எழுதிக் கொடுக்கப்போகிறோம். பெண்கள் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. வகுப்பில் இருக்கும் பசங்களே, உங்கள் கையெழுத்தும் வேண்டும்.