யாருக்குத் தொல்லை?

சட்டத்தில் 'பொதுத் தொல்லை' என்று ஒரு சொல் உண்டு. சாக்கடை, புகை, இரைச்சல் இவற்றுக்கெல்லாம் பயன்படும். 1980களின் கடைசியிலும் 1990களிலும் அமெரிக்க நகராட்சிகள் பல, தெருமுனையில் காசு போட்டுப் பேசுகிற தொலைபேசியையும் இந்தப் பட்டியலில் சேர்த்தன. போதைப்பொருள் விற்கிறவன் அங்கே நிற்கிறான். பேஜரில் நம்பர் வந்ததும் அதிலிருந்துதான் பேசுகிறான். ஆகவே போனை எடு.

எடுக்காத இடத்தில் முடக்கினார்கள். உள்ளே வரும் அழைப்பை நிறுத்தினார்கள். சில இடங்களில் பொத்தான் போனைக் கழற்றிவிட்டு, விரல்விட்டுச் சுழற்றுகிற பழைய போனை மாட்டினார்கள். அதிலிருந்து பேஜருக்கு நம்பர் அனுப்ப முடியாது. நல்ல யோசனைதான். ஆனால் (நான் பேங்க்காரன், இது உடனே கண்ணில் படுது) '1ஐ அழுத்தவும், 2ஐ அழுத்தவும்' என்கிற எந்திரக் குரலுக்கு அங்கே நிற்கிற ஒருத்தி எதை அழுத்துவாள்?

1990 சென்சஸ்படி அந்தப் பணக்கார நாட்டில் 100க்கு 5 வீட்டில் போன் கிடையாது. கறுப்பர் வீடுகளிலும் லத்தீன் மக்கள் வீடுகளிலும் நிலைமை இன்னும் மோசம். வேலைக்கு மனுப்போட்டவன் தெருமுனை போனின் நம்பரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே காத்திருக்க வேண்டும். சரக்கு விற்கிறவனும் நிற்கிறான், இவனும் நிற்கிறான். போலீசுக்கு ரெண்டும் ஒண்ணுதான். சிகாகோவில் 1992இல் இப்படி நிற்பதற்கே சட்டம் போட்டார்கள். கும்பலைச் சேர்ந்தவன் என்று போலீஸ் நினைக்கிற ஒருவனோடு சும்மா நின்றாலும் கலையச் சொல்லலாம், கலையாவிட்டால் கைது. மூன்று ஆண்டில் 42,000 பேருக்கு மேல் பிடித்தார்கள். 1999இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மனுஷன் கோர்ட்டுக்குப் போகலாம். போன் பெட்டி போகுமா?

போனது பெட்டியின் முதலாளிதான். லாஸ் ஏஞ்சலீஸை ஒட்டி ஹண்டிங்டன் பார்க் என்றொரு சிறு நகரம், 100க்கு 90 பேருக்கு மேல் லத்தீன் மக்கள். குற்றம் பெருகுகிறது என்று சொல்லி, கடைவீதியில் தனியார் இடங்களில் கட்டிடத்துக்கு வெளியே இருந்த போன்களை அந்த நகராட்சி தடை செய்தது. கலிபோர்னியா போன் முதலாளிகள் சங்கம் 1996 தொலைத்தொடர்புச் சட்டத்தைக் காட்டி மத்திய ஆணையத்திடம் முறையிட்டது. உள்ளே வைக்கத் தடையில்லையே, தொழில் செய்ய முடியாது என்று நீங்கள் நிரூபிக்கவில்லையே என்று 1997இல் மனு தள்ளுபடியானது. அங்கே எடைபோட்டது முதலாளிக்குத் தொழில் நடக்குமா என்கிற கேள்வியை. கடை பூட்டிய ராத்திரியில் பிள்ளைக்கு ஜுரம் என்று ஓடிவருகிறவள் அந்த வழக்கில் ஒரு தரப்பே இல்லை. இத்தனைக்கும் அதே சட்டத்தின் 276ஆம் பிரிவு, போன் இல்லாமல் போகக்கூடிய இடங்களில் உடல்நலம், பாதுகாப்பு கருதிப் பொதுநலப் போன் வைப்பது பற்றிப் பேசுகிறது.

போனை எடு என்று கேட்டவர்களில் அந்தத் தெருவின் ஏழைத் தாய்மார்களும் இருந்தார்கள். இதை மறைத்து எழுதக்கூடாது. வாசலில் விற்பனை நடக்கும்போது பிள்ளையை வெளியே விட யாருக்குத்தான் துணிச்சல் வரும்? ஆனால் அவர்கள் கேட்டது விற்பனை நிற்கணும் என்று. கிடைத்தது போன் பிடுங்கிய சுவர். விற்கிறவன் அடுத்த தெருவுக்குப் போனான், பிறகு செல்போன் வாங்கிக்கொண்டான். வாங்க முடியாதவள் கூடுதலாக நாலு தெரு நடந்தாள்.

2022 மே 23இல் நியூயார்க் நகராட்சி தெருவிலிருந்த தன் கடைசிப் பெட்டியைத் தூக்கியபோது பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டது. அந்தப் பெட்டி மியூசியத்துக்குப் போனது.