சாக்குருவியை விரட்டலாமா?

கேள்வி: ‘எங்கள் நெல் வயலில் இரவில் சாக்குருவி வந்து உட்காருகிறது. கெட்ட சகுனம், விரட்டிவிடுங்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?’
- வாசகர் ஒருவர், வந்தவாசி.

பதில்: விரட்ட வேண்டாம். உத்திரமேரூர் பக்கத்து விவசாயி ஒருவருக்கும் இதே சந்தேகம் இருந்தது. அதைத் தீர்த்து வைத்தது மகளின் கேமரா.

கல்லூரியில் படிக்கும் மகள், தோழியிடம் கேமரா இரவல் வாங்கி வந்தாள். மார்கழி தொடக்கத்தில் ஒரு ஞாயிறு விடியற்காலை, அப்பாவும் மகளும் பைக்கில் வேடந்தாங்கல் புறப்பட்டார்கள். ஏரிக்கரை ஏறியதுமே தூறல். கேமராவை உரச்சாக்கின் உள்பையில் சுற்றிக்கொண்டு மரத்தடியில் ஒதுங்கினார்கள். கூழைக்கடாக்கள் முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றன. லென்ஸில் பனி படர்ந்து, எடுத்த படமெல்லாம் மங்கல்.

ஒன்பது மணிக்கு மேல் அரை மணி நேரம் வெயில் வந்தது. அதற்குள் கரண்டிவாயன், பாம்புத்தாரா, கூட்டுக்குக் குச்சி தூக்கிவரும் நத்தைகுத்தி நாரை என்று சில நல்ல படங்கள் கிடைத்தன. மறுபடி மழை பிடித்துக்கொண்டது.

காத்திருந்த நேரத்தில் அப்பா உள்ளூர்க்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தார். இங்கே பறவைகளைக் காப்பாற்றியது ஊர் விவசாயிகள்தான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் முறையிட, 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸ் பாதுகாப்பு உத்தரவு கொடுத்தார். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு அப்போதே தெரியும். தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதைக்கூடத் தவிர்க்கிற ஊர் அது. 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பிடித்தது.

நனைந்தபடி ஊர் திரும்பியவர்கள் நேராக வயலுக்குப் போனார்கள். சம்பா நெல் பொதிப் பருவம். எலி வெட்டு அதிகமாகி, வரப்போரம் தூர்கள் சாய்ந்து கிடந்தன. அன்று மாலை வைப்பதற்காகப் புரோமடியோலோன் வில்லைகளை வாங்கி வைத்திருந்தார் அப்பா.

இருட்டும் நேரம். வயலில் நட்டிருந்த குச்சியில் வெள்ளை முகத்தோடு ஒரு பறவை வந்து அமர்ந்தது.

“சாக்குருவிம்மா, விரட்டு” என்றார் அப்பா.

“இருங்கப்பா” என்று மகள் படம் எடுத்தாள். வெளிச்சம் போதாமல் படம் கலங்கலாகத்தான் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது, காலில் எலி ஒன்று தொங்குவது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நாள் முழுக்க எடுத்ததில் மோசமான படம் அதுதான். அப்பா அதிக நேரம் பார்த்ததும் அதைத்தான். வில்லைகள் அன்று வயலுக்குப் போகவில்லை.

அந்த முடிவு சரியானதே. சாக்குருவி என்று நாம் சொல்வது கூகை. அதன் முக்கிய உணவே எலிதான். புரோமடியோலோன் தின்ற எலி உடனே சாகாது. சில நாட்கள் தள்ளாடித் திரியும். அதை எளிதாகப் பிடித்துத் தின்னும் கூகைக்கும் விஷம் ஏறும். கூகை போனால் எலி பெருகும்.

செய்ய வேண்டியவை:

* ‘டி’ வடிவப் பறவைத் தாங்கிகளை ஏக்கருக்கு 15 முதல் 20 வரை, பயிருக்கு மேல் ஓரடி உயரம் இருக்கும்படி நடுங்கள். தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டாலும் போதும். பகலில் கரிச்சான் அமர்ந்து அந்துப்பூச்சி, புழுக்களைப் பிடிக்கும். இரவில் கூகை வரும்.
* கதிர் பால் பிடிக்கும்போது தாங்கிகளை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தானியம் தின்னும் பறவைகள் உட்கார இடமாகிவிடும்.
* வரப்பைக் குறுக்கி, புல் பூண்டு இல்லாமல் வையுங்கள். எலிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி வையுங்கள்.

சந்தேகம் இருந்தால், காலையில் கூகை உட்காரும் இடத்துக்கு அடியில் பாருங்கள். அது கக்கிய கருப்பு உருண்டைகள் கிடக்கும். உடைத்தால் எலி முடியும் எலும்பும் இருக்கும். அதை வீட்டிலும் காட்டுங்கள். சகுனம் யாருக்குக் கெட்டது என்று அவர்களே சொல்வார்கள்.