எலி புகாத ஊர்

பெங்களூர் கண்டோன்மென்ட்டின் நகராட்சிப் பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ் 1914இல் ஒரு புத்தகம் போட்டார். பிளேக் அண்டாத ஊரை எப்படித் திட்டமிடுவது என்பதுதான் அதன் பொருள். அவர் கையால் உருவான பிரேசர் டவுன் அப்போது சில வருடத்துப் புது ஊர். இன்று மாஸ்க் ரோட்டுக்குக் கபாப் தின்னப் போகிறவர்களிடமும், மிச்சமிருக்கும் பழைய பங்களாக்களைப் படமெடுக்கப் போகிறவர்களிடமும் இது எலிக்குப் பயந்து பிறந்த ஊர் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

1898 ஆகஸ்டில் ஹூப்ளிப் பக்கமிருந்து ரயிலோடு வந்து இறங்கியது பிளேக். 1891 கணக்கெடுப்பில் பேட்டையும் கண்டோன்மென்ட்டும் சேர்ந்து 1,80,366 பேர். 1901இல் 1,59,046. இந்த இருபத்தோராயிரத்துச் சொச்சத்தில் செத்தவர் எத்தனை, ஊரைவிட்டு ஓடியவர் எத்தனை என்று கணக்கெடுப்பு பிரித்துச் சொல்லாது. இதில் நம்மவர்கள் நிறையப் பேர். 1809இல் கண்டோன்மென்ட் அமைந்தபோது மதராஸ் படையோடும் அதன் பின்னாலும் வந்த தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அல்சூரிலும் பிளாக்பள்ளியிலும் (இன்றைய சிவாஜிநகர்) ஒண்டுக் குடித்தனமாகக் கிடந்த காலம் அது.

அந்தத் தலைமுறை அதிகாரிகள் தங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. அறிவியல் கையில் இருக்கிறது, மூடத்தனத்தை வென்றுவிட்டோம் என்று நினைத்தார்கள். அகலத் தெருக்கள், வீட்டுக்குப் பின்னால் தோட்டி வரப் போகத் தனிச் சந்து, எலி வளை தோண்ட முடியாத கட்டுமானம். ரெசிடெண்ட் ஸ்டூவர்ட் மிட்ஃபோர்ட் பிரேசர் பெயரை வைத்துத் திறந்தும் விட்டார்கள்.

வெள்ளைக்காரனின் ஆணவம் என்று இதை ஒரே வரியில் ஒதுக்கிவிடுவது சுலபம். நம் மேடைகளில் அப்படித்தான் ஒதுக்குகிறோம். ஆனால் எலி விஷயத்தில் அவர்கள் சொன்னது சரி. எலியின் உடம்புத் தெள்ளுப்பூச்சிதான் பிளேக்கைக் கடத்துகிறது என்று பால் லூயி சிமோன் 1898இல் கராச்சியில் சோதித்துக் காட்டியபோது நம்பியவர்கள் குறைவு. அடுத்த பத்தாண்டுக்குள் பிளேக் ஆய்வுக் குழுவே பம்பாயில் அதை உறுதி செய்தது. பிரேசர் டவுன் அந்நாளின் மிகப் புதிய அறிவியலை நம்பி எழுந்த ஊர். அதைக் கட்டியவர்கள் முட்டாள்கள் அல்ல.

அவர்கள் புத்தகத்தில் வராதது வேறொன்று. 1897இல் பிரிட்டிஷ் அரசு கொள்ளைநோய்ச் சட்டம் ஒன்று போட்டது. மொத்தமே நான்கு பிரிவுகள். அதில் நான்காவது, இந்தச் சட்டத்தின் பேரில் நல்லெண்ணத்தோடு எதைச் செய்தாலும் யார்மீதும் வழக்குப் போட முடியாது என்றது. சோல்ஜர்கள் வீடு புகுந்தார்கள், பண்டம் பாத்திரத்தை வெளியே எறிந்தார்கள், ஆட்களை முகாமுக்கு இழுத்துப் போனார்கள். புனேயில் ரேண்ட் என்ற பிளேக் அதிகாரியைச் சாபேகர் சகோதரர்கள் 1897 ஜூனில் சுட்டார்கள். பெங்களூரிலும் முகாம்கள் இருந்தன, குடிசைகள் இடிபட்டன. இடிபட்ட குடிசைக்காரர் எல்லாரும் பிரேசர் டவுனில் மனை வாங்கிக் குடியேறியிருக்க வழியில்லை. புது ஊர், விதிப்படி கட்டக் காசு உள்ளவர்களுக்கான ஊர்.

பின்னால் நின்று பார்க்கிற நமக்கு இரண்டு கண்ணாடிகள் இருக்கின்றன. ஒன்றைப் போட்டால் எல்லாம் காலனியக் கொடுமை. மற்றதைப் போட்டால் எல்லாம் ஓட்டு வீடு, மர நிழல், பேக்கரி வாசனை, அழகான பழைய பெங்களூர். இரண்டாவதுதான் எனக்கு அதிக எரிச்சல் தருகிறது. ஸ்டீபன்ஸாவது எதற்குப் பயந்து கட்டினோம் என்று எழுதி வைத்தார். பாரம்பரிய நடை போகிறவர்கள் அந்தப் பயத்தைத் துடைத்துவிட்டு அழகை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் கட்டி இன்றும் அந்தப் பெயரிலேயே கும்பிடுகிறார்கள். ஞாபகத்தைப் பொறுத்தவரை அது நேர்மையான வழி.

1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததும் எலி புகாத வீட்டின் பெருமை போய்விட்டது. 1947 ஜூலையில் கண்டோன்மென்ட் மைசூர் அரசிடம் திரும்பியது. இரண்டு வருடத்தில் ஒரே மாநகராட்சி. அப்புறம் 1980களின் முறை. பள்ளி மொழி பற்றிய கோகாக் அறிக்கை, 1982இல் நடிகர் ராஜ்குமார் முன்னே நின்ற போராட்டம், கன்னடத்துக்குத் தன் மண்ணிலேயே முதலிடம் என்ற நியாயமான எழுச்சி. அந்தப் பத்தாண்டில்தான் பிரேசர் டவுன் புலிகேசி நகர் ஆயிற்று. கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்து வளர்ந்த தமிழனுக்கு, தான் குடியிருப்பது வாதாபிச் சளுக்கியன் பேரில் என்பதில் ஒரு குறும்பான சுகம் உண்டு. (வடிவேலு புலிகேசியாக வந்தபிறகு அதுவும் கெட்டது.) ஆட்டோக்காரர் இன்றும் பிரேசர் டவுன் என்றுதான் கேட்கிறார். அடிமைச் சின்னம் ஒன்றைத் துடைத்துவிட்டோம் என்று அந்தக் காலம் நிம்மதியடைந்தது. 1991 டிசம்பரில் காவிரியின் பேரால் இதே நகரத்தில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, சுயமரியாதையின் பத்தாண்டு என்று கன்னட நண்பர்கள் நினைவுகூரும் காலம் நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவில் வேறு நிறம் கொண்டது. இருவர் நினைவும் பொய்யல்ல.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது கர்நாடகம் கையில் எடுத்தது அந்த 1897 கொள்ளைநோய்ச் சட்டத்தைத்தான். பிறகு அவசரமாகத் தன் சட்டத்தை இயற்றிக்கொண்டது. அதே ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், முதலமைச்சர் கட்டுமான நிறுவனத்தாரைச் சந்தித்துப் பேசிய கையோடு, வெளிமாநிலத் தொழிலாளர் ஊர் திரும்ப விடவிருந்த ரயில்கள் நிறுத்தப்பட்டன. கண்டனம் கிளம்பி இரண்டொரு நாளில் முடிவை மாற்றினார்கள். பிளேக் காலத்தில் ஆட்களை வெளியேற்றினார்கள். நம் காலத்தில் போக விடாமல் பிடித்து வைக்கப் பார்த்தார்கள். நகரத்தின் தேவை என்றுதான் இரண்டுக்கும் காரணம் சொல்லப்பட்டது.

ஸ்டீபன்ஸின் புத்தகம் நூலகத்தில் கிடைக்கும். முகாமில் படுத்தவர் எழுதிய புத்தகம் கிடைக்காது. அல்சூர், சிவாஜிநகர், காக்ஸ் டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பாட்டி சொன்ன பிளேக் கதை, முகாம் கதை, இடிபட்ட வீட்டின் கதை எதுவும் இருந்தால் எழுதி அனுப்புங்கள். எழுத வராது என்பவர்கள் சொல்லுங்கள், நாங்கள் வந்து எழுதிக்கொள்கிறோம். 2020இல் ரயில் நிலையம்வரை நடந்து போய்த் திரும்பியவர்களின் கதையும் வேண்டும், அது இந்தியில் இருந்தாலும் பெங்காலியில் இருந்தாலும்.