கதவு திறந்தாலும் மூடினாலும் விலை கொடுப்பது யார்?



நீர்வேலியில் தோட்டம் என்றால் கிணறும் செம்மண்ணும் வாழையும் வெங்காயமும். மலையகத்தில் தோட்டம் என்றால் தேயிலை மலையும் லயமும் கொழுந்துக் கூடையும். நீர்வேலி விவசாயிக்குச் சொந்தமாகவோ குத்தகைக்கோ சில பரப்புக் காணி இருக்கிறது. நமக்கு நாம் குடியிருக்கும் லயத்து அறைகூடச் சொந்தமில்லை. ஆனாலும் வெளிநாட்டு வர்த்தகம் பற்றிக் கொழும்பில் எடுக்கப்படும் ஒவ்வொரு முடிவும் இந்த இரண்டு தோட்டங்களிலும்தான் வந்து விழுகிறது. முடிவெடுக்குமுன் இரு தரப்பையும் யாரும் கேட்பதில்லை.

ஆசிய-பசுபிக் நாடுகள் 15 சேர்ந்து 2020இல் கைச்சாத்திட்ட பிராந்திய வர்த்தகக் கூட்டணியில் இணைய 2023இல் இலங்கை விண்ணப்பித்தது. அதே கூட்டணிக்கான பேச்சுவார்த்தையிலிருந்து இந்தியா 2019 நவம்பரில் வெளியேறியது. அங்கே விவசாயிகளும் பால் உற்பத்தியாளர்களும் அதை எதிர்த்திருந்தார்கள். நமது நாட்டிலும் தேர்தல் மேடைகளில் "சேரலாமா, விலகலாமா?" என்ற கேள்வி எழும். அதற்குப் பதில் சொல்லுமுன் நாம் இன்னொன்றைக் கேட்க வேண்டும். சேர்ந்தால் இழப்பு யாருக்கு? விலகினால் இழப்பு யாருக்கு? அதை ஈடு செய்யப் போவது யார்?

இந்தக் கேள்விக்கு நமது சொந்த வரலாற்றிலேயே பாடம் உண்டு.

1970 மே மாதத் தேர்தலில் வென்ற ஐக்கிய முன்னணி அரசு வெங்காயம், மிளகாய் போன்றவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்து விவசாயிக்கு நல்ல விலை கிடைத்தது. நீர்வேலி, கோப்பாய், புத்தூர்ப் பக்கங்களில் வெங்காயமும் மிளகாயும் செய்தவர்கள் அந்தக் காலத்தை இன்றும் நல்ல காலம் என்றே சொல்வார்கள். அதே ஆண்டுகளில் மலையகத்தில் என்ன நடந்தது? உலகச் சந்தையில் உணவு விலை உயர்ந்தது. கூப்பன் அரிசி குறைந்தது. மா விலை ஏறியது. பயிரிடத் துண்டுக் காணியும் இல்லாத நமது மக்கள் 1973, 1974இல் பட்டினியால் செத்தார்கள். அந்த அரசில் நிதி அமைச்சராக என்.எம்.பெரேராவும், பெருந்தோட்டத் துறை அமைச்சராகக் கொல்வின் ஆர்.டி.சில்வாவும் இருந்தார்கள். இருவரும் இடதுசாரித் தலைவர்கள். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஆனால் நிர்வாகத்தில் தொழிலாளிக்குப் பங்கு வரவில்லை. சிவப்புக் கொடி பிடித்தவர் அமைச்சரவையில் இருந்ததால் மட்டும் லயத்து அடுப்பு எரிந்துவிடவில்லை.

1977 ஜூலைத் தேர்தலில் ஜே.ஆர்.ஜயவர்த்தன ஆறில் ஐந்து பெரும்பான்மையோடு வந்தார். அடுத்த மாதமே தமிழர் மீது வன்முறை ஏவப்பட்டது, தோட்டங்களும் தப்பவில்லை. அந்த ஆண்டு நவம்பர் வரவு செலவுத் திட்டம் இறக்குமதிக் கதவைத் திறந்தது. வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வந்து குவிந்தன. யாழ்ப்பாணத்து விவசாயி போட்ட முதலையும் இழந்தார். நமக்காவது சம்பளம் வாழும் அளவுக்கு உயர்ந்ததா? இல்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் மறுபடியும் தனியார் கம்பனிகளிடம் போனதுதான் மிச்சம்.

கதவை மூடியபோது நாம் பட்டினி கிடந்தோம். திறந்தபோது அவர்கள் கடன்பட்டார்கள். இரண்டு முறையும் இலாபம் பார்த்தவர்கள் பெரிய வியாபாரிகளும் தரகர்களும்.

பிரித்தானியாவைப் பாருங்கள். 2016 ஜூன் 23 அன்று மக்கள் வாக்களித்து, 2020 ஜனவரி 31 அன்று அந்நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. அங்குள்ள இடதுசாரிகளே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். ஒன்றியம் முதலாளிகளின் சங்கம் என்றார்கள் சிலர். தொழிலாளர் உரிமைகளுக்கு அது பாதுகாப்பு என்றார்கள் வேறு சிலர். இரண்டிலும் உண்மை இருந்தது. ஆனால் வெளியேறிய மறுநாளும் தொழிற்சாலை அதே முதலாளியிடம்தான் இருந்தது.

நமக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே உள்ள ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையும் அப்படித்தான். மனித உரிமை நிலைமையைக் காரணம் காட்டி 2010 ஆகஸ்ட்டில் அது நிறுத்தப்பட்டது. 2017 மே மாதம் திரும்பக் கிடைத்தது. குற்றம் அரசின் நடத்தையில். வரி விழுந்ததோ தொழிலாளப் பெண்கள் தைத்த ஆடையில். ஆயினும் அந்தச் சலுகைக்கு 27 சர்வதேச உடன்படிக்கைகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. சங்கம் அமைக்கும் உரிமையும் அவற்றில் அடக்கம். காகிதத்தில் உள்ள அந்த உரிமையை முதலாளியிடம் கேட்டு வாங்குவது சங்கத்தின் வேலை.

அப்படியானால் தேர்தல் வீணா? ஒருபோதும் நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். 1947இல் நமது வாக்கு மலையகப் பிரதிநிதிகளைப் பாராளுமன்றம் அனுப்பியது, இடதுசாரிகளுக்கும் கைகொடுத்தது. அதற்குப் பயந்துதான் 1948இல் குடியுரிமையையும் அடுத்த ஆண்டு வாக்குரிமையையும் பறித்தார்கள். கடைசி நாடற்றவருக்கும் குடியுரிமைக்கு வழி திறக்க 2003 வரை காத்திருந்தோம். ஆகவே வாக்குச்சீட்டின் பெறுமதி நமக்குத் தெரியும்.

அதன் எல்லையும் தெரியும். 2024 மே தினத்தில் நாட்சம்பளம் 1,700 ரூபா என ஜனாதிபதி அறிவித்தார். கம்பனிகள் வழக்குப் போட்டன. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலை ஒட்டி வந்த வர்த்தமானியில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா. மேடையில் சொன்ன தொகைக்கும் வர்த்தமானியில் வந்த தொகைக்கும் இடையே 350 ரூபா தூரம்.

ஆகவே வாக்குக் கேட்டு வரும் எந்தக் கட்சியிடமும் நாம் வைக்க வேண்டியவை இவை. எந்த வர்த்தக உடன்படிக்கையானாலும், சேருமுன்னும் விலகுமுன்னும் அதன் முழு வாசகம் தமிழிலும் சிங்களத்திலும் வெளியாக வேண்டும். பாராளுமன்றத்தில் விவாதம் நடக்க வேண்டும். தொழிற்சங்கங்களும் விவசாய அமைப்புகளும் கேட்கப்பட வேண்டும். வடக்கில் வெங்காய அறுவடை நடக்கும் மாதங்களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட வேண்டும். அதனால் விலை ஏறினால், சுமை நாட்சம்பளக்காரர் தலையில் விழாதபடி கூட்டுறவுக் கடைகளில் நியாய விலை வேண்டும். ஏற்றுமதி கூடினால் அதில் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும்.

மலிவான வெங்காயம் வேண்டுமா, நீர்வேலி விவசாயி பிழைக்க வேண்டுமா என்று நம் இருவரையும் மோத விடுவார்கள். அந்த வலையில் விழ வேண்டாம். வாழத்தக்க சம்பளம் வாங்கும் தொழிலாளியால்தான் விவசாயிக்கு நியாய விலை கொடுக்க முடியும். வாக்களிப்பது ஒரு நாள் வேலை. அந்த வாக்குக்குக் கணக்குக் கேட்பது மீதி ஐந்தாண்டு வேலை. தோட்டக் கமிட்டிகள் இந்தக் கோரிக்கைகளை அடுத்த மாதக் கூட்டத்தில் வாசித்து, பேசி, தம் திருத்தங்களை எழுதி அனுப்புங்கள்.