கண்ணுக்கு ஒரு நாள் லீவு போதாது

ஐம்பது வயதைத் தாண்டிய தாய்மார் பலருக்கு, கொழுந்தில் முற்றல் இலை அதிகம் என்று நிறுவையில் ஏச்சு விழுகிறது. நிறை குறைந்தால் அரைப்பேர். கை வேலையை மறக்கவில்லை, கண்ணில் புரை விழுந்திருக்கிறது. வெள்ளெழுத்து என்று நினைத்து டவுனில் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் சமாளிக்கிறார்கள். கண்ணாடியால் புரை தீராது. "பழுக்கட்டும்" என்று காத்திருப்பதும் பழைய கதை. மங்கிய வில்லையை எடுத்துச் செயற்கை வில்லை வைக்கும் சத்திரசிகிச்சை அரச வைத்தியசாலைகளில் நடக்கிறது.

ஆனாலும் எமது மக்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்க நாம் தயாரில்லை. 2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையில் கண்புரை சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு, பிரெட்னிசோலோன் சொட்டு மருந்து விட்ட பின் பார்வை பாதிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து இறக்குமதியான அந்த மருந்து பிறகு பாவனையிலிருந்து நீக்கப்பட்டது. மருந்தைக் கண்ணில் விடுமுன் பரிசோதிப்பது அரசின் கடமை, அதை நாம் கேட்டுக்கொண்டேதான் இருப்போம். அதற்காகச் சத்திரசிகிச்சையையே கைவிட்டால் நட்டம் நமக்குத்தான்.

கவனிக்க வேண்டியது பிந்திய வாரங்களை. கண் வலி கூடினால், சிவந்தால், பார்வை மங்கினால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சம்பள நாள் போகட்டும் என்று இருந்தால் கண்ணே போய்விடலாம். அழுக்குத் தண்ணீரும் அடுப்புப் புகையும் படக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமப்பவர் இதை எப்படிக் கடைப்பிடிப்பார்? ஒரு நாள் லீவு கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் பிரட்டுக்கு வரச்சொல்லும் தோட்டங்கள் உண்டு. கிளினிக் போனால் அன்றைக்குப் பேர் இல்லை. துணைக்குப் போகும் மகளுக்கும் இல்லை. பிறகு யார் கிளினிக் போவார்கள்?

வைத்தியர் எழுதும் ஓய்வு நாட்களுக்கும் கிளினிக் நாட்களுக்கும் சம்பளம் வேண்டும். துணைக்குப் போகும் ஒருவருக்கும் பேர் போட வேண்டும். பஸ் ஓடாத டிவிஷன்களுக்குத் தோட்ட வாகனமும், திரும்பி வந்தவருக்கு வைத்தியர் சரி சொல்லும்வரை கூடை சுமக்காத வேலையும் வேண்டும். இவை நிர்வாகங்களுக்கு. வைத்தியசாலைகளிடம் கேட்பது ஒன்றுதான்: மருந்து விடும் நேரத்தையும் ஆபத்தான அறிகுறிகளையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். சிங்களத் துண்டை வாசித்துச் சொல்லும்படி பாடசாலைக்கு வரும் பாட்டிமாரை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

தோட்டத் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் தங்கள் டிவிஷனில் பார்வை மங்கியவர்களின் பெயர்களை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கிளினிக் திகதி எடுக்கச் சங்கம் கூட வரும்.